நைல் கரையில் நான் காட்டிய போட்டோ

ஆசிரியருக்கு வணக்கம். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், மன்னிக்கவும். ஐந்தாவது வரைதான் படித்தேன். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை. பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். நான் ஓமானில் சோஹார் பக்கம் வேலை செய்கிறேன். கேம்புகளிலும் கட்டடங்களிலும் கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் உறிஞ்சி எடுத்துப் போகும் டேங்கர் லாரி எங்களுடையது. அப்போது அதை ஓட்டியவர் எகிப்துக்காரர். இங்கே எகிப்துக்காரரை மிஸ்ரி என்போம். நான் அவருக்கு ஹெல்ப்பர். பேருக்குத்தான் டிரைவர், ஹெல்ப்பர். மூடியைத் திறப்பது, குழாயைத் தோளில் போட்டு இழுப்பது, அடைத்துக்கொண்டால் கையை விட்டு எடுப்பது எல்லாம் இரண்டு பேரும்தான். எட்டு வருடம் ஒரே லாரி, ஒரே ரூம். நாங்கள் பேசிக்கொள்வது பாதி அரபி, பாதி ஹிந்தி. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஊரில் என் மனைவிக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரியாது. குடிதண்ணீர் லாரியில் இருப்பதாகச் சொல்லியிருந்தேன். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அப்பா இந்த வேலை செய்கிறார் என்று தெரிந்தால் நாளைக்கு யார் வந்து பெண் கேட்பார்கள் என்ற பயம்தான்.

மனைவி வீடியோவில் கூப்பிடும்போது நான் லாரிக்குப் பக்கத்தில் நின்றால் மிஸ்ரி ஓடி வந்து என் போனை வாங்கி வேறு பக்கம் திருப்பிவிடுவார். அப்புறம் டேங்கைத் தட்டி, “தண்ணி அக்கா! நல்ல தண்ணி!” என்பார். அந்த மூன்று வார்த்தைக்காகவே என்னிடம் தமிழ் கற்றுக்கொண்டவர். என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பாள்.

அந்த வருடம் எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் லீவு வந்தது. “எட்டு நாள் என் ஊருக்கு வா சதீக். வீட்டு வாசலிலேயே நைல் நதி. சும்மா உட்கார், சாப்பிடு, தூங்கு. அங்கிருந்து உன் ஊருக்குப் போ” என்றார். சதீக் என்றால் நண்பன். இங்கே தெருவில் போகிற எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அவர் சொல்லும்போது அந்த அர்த்தம் இருக்கும்.

ரூமில் பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் இருந்தார். “என்னண்ணே, மாமியா வூட்டு விருந்தா? ஒட்டகம் அடிச்சுப் போடுவாங்க, பாத்து!” என்று கேலி செய்தார். மனைவியோ, “போய்ட்டு வாங்க. எப்பப் பாத்தாலும் அந்தத் தண்ணி லாரியோடயே கெடக்குறீங்க. எட்டு நாள்தான? புள்ளைவகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றாள்.

ஓய்வெடுப்பதற்கென்று ஓர் இடத்துக்குப் போவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வேலைக்குப் போவேன், ஊருக்குப் போவேன், அவ்வளவுதான் தெரியும்.

கெய்ரோவிலிருந்து தெற்கே நாலு மணி நேரம். அவர் வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு வண்டிப்பாதைதான். தண்ணீரை ஒட்டி ஒரு வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டிருந்தார்கள். காலைத் தண்ணீரில் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர்க்கரையில் கரும்பு. ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக மிதந்து போனது. ஒருவர் எருமையை இறக்கிக் குளிப்பாட்டினார். சாப்பிடும் முன் விரலை மோந்து பார்ப்பது எனக்கு எட்டு வருடப் பழக்கம். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை இருப்பது போலவே தோன்றும். இரண்டாவது நாள் அதை மறந்தே போனேன். அவருடைய மூத்த பெண் சுடச்சுட ரொட்டியும், நம் பருப்பு வடை போலவே ஒரு வடையும் கொண்டு வந்து வைப்பாள். என்னை ‘அம்மோ’ என்பாள். சித்தப்பா என்று அர்த்தம். அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் உடம்பு லேசாகிறது.

மூன்றாவது நாள் கடைத்தெருவுக்குப் போனோம். டீக்கடையில் எல்லோரும் அவரை “முதீர், முதீர்” என்றார்கள். முதீர் என்றால் மேனேஜர். கிண்டல் என்று நினைத்து நானும் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவருடைய தம்பி காலி டம்ளர்களைக் காட்டி, எடுத்துப் போ என்று எனக்கு விரலால் சைகை செய்தார். நான் மிஸ்ரியைப் பார்த்தேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எடுத்துப் போனேன். கூச்சப்படுகிறவனுக்கு மறுத்துச் சொல்லவும் வராது.

மறுநாள் காலையில் பெஞ்சில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பொண்ணுக்கு ஒரு இடம் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை வர்றாங்க. பையனோட அப்பா வாத்தியார். நான் அங்கே நாப்பது லாரிக்கு மேனேஜர்னு இங்கே எல்லாரும் நினைச்சிட்டிருக்காங்க.”

“நான் யாரு?”

“என்கிட்ட வேலை பாக்குறவன். நாலு நாள் பொறுத்துக்க சதீக். அவ அந்தப் பையனைத்தான் கட்டிக்குவேன்னு இருக்கா.”

“இதை சோஹார்லயே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ வந்திருப்பியா?”

சரி என்றேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. ஓய்வெடுக்கக் கூப்பிட்டாரா, இல்லை மேனேஜர் என்பதற்குச் சாட்சியாகக் கூட்டி வந்தாரா? மேனேஜர் என்றால் கைக்கு ஓர் ஆள் வேண்டுமே. அதன் பிறகு ஆறு அதே ஆறுதான். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. மறுபடியும் விரலை மோந்து பார்க்க ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் படகில் இக்கரைக்கு வந்தார்கள். அங்கே பேச்சு முடிந்ததும் எல்லோரும் கை ஏந்தி ஃபாத்திஹா ஓதுவார்கள். நம் பக்கம் தட்டு மாற்றுவது போல. ஓதிவிட்டால் சம்பந்தம் உறுதி. நான் டீத் தட்டோடு நின்றேன்.

வாத்தியார் நல்ல மனிதர். டம்ளரை எடுத்துக்கொண்டு என்னிடம் சிரித்தபடி, “உங்க முதீர் உன்னை நல்லா வெச்சிருக்காரா?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் மிஸ்ரி சொன்னார்: “இவனா? வந்த புதுசில குழாயோட எந்த நுனி எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது. நான்தான் கையைப் புடிச்சுக் கத்துக் குடுத்தேன். இப்பவும் நான் ஒரு நாள் இல்லைன்னா லாரியைக் கொண்டுபோய்க் கடல்ல விட்டுருவான்!”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் பெண்ணும் கதவுக்குப் பின்னாலிருந்து சிரித்தாள். சாதாரணக் கேலிதான். ரூமில் இதைவிட மோசமாகப் பேசிக்கொள்வோம். அங்கே நானும் திருப்பிச் சொல்வேன். இங்கே என் கையில் தட்டு இருந்தது.

வாத்தியாருக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். “குழந்தைகள் இருக்காங்களா? போட்டோ காட்டேன்” என்றார். தட்டை வைத்துவிட்டுப் போனை எடுத்து என் இரண்டு பெண்களையும் காட்டினேன். “மாஷா அல்லாஹ்” என்றார். அடுத்தது மனைவி. அதற்கு அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

நான் கை தவறித் தள்ளிவிட்டேன் என்று பிறகு எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய். என் விரல் நின்றது. யோசித்தது. பிறகு தள்ளியது.

அந்தப் போட்டோவில் நாங்கள் இருவரும் ஆரஞ்சு நிற வேலை உடுப்பில் நிற்கிறோம். முழங்கால் வரை ஈரம். என் தோளில் குழாய், மிஸ்ரியின் கையில் தொட்டி மூடி. இரண்டு பேருக்கும் வாயெல்லாம் பல். பின்னால் டேங்கரில் கழிவுநீர் என்று அரபியில் பெரிய எழுத்து. எனக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. வாத்தியாருக்குத் தெரியும்.

அவர் நிதானமாகப் பார்த்தார். மிஸ்ரியின் முகத்தைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தார். மீதி டீயைக் குடித்து முடித்தார். எல்லோரிடமும் நன்றாகத்தான் பேசினார். ஆனால் யாரும் கை ஏந்தவில்லை. படகுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்கள்.

மறுநாள் சொல்லியனுப்பினார்கள். வேலை எதுவானாலும் தப்பில்லை, பொய் சொன்ன வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று. அது உண்மையோ, மரியாதைக்குச் சொன்னதோ எனக்குத் தெரியாது.

மிஸ்ரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் பெண் அன்றும் எனக்கு ரொட்டி கொண்டு வந்து வைத்தாள். கண் வீங்கியிருந்தது. அம்மோ என்று கூப்பிடவில்லை. அந்த ரொட்டியை என்னால் தின்னவும் முடியவில்லை, வீசவும் முடியவில்லை. பையில் வைத்துக்கொண்டேன். விமானத்தில் பார்த்தபோது கல்லாகியிருந்தது.

எட்டாவது நாள் ரயிலடி வரை வந்து என் பெட்டியைத் தூக்கி வைத்தார். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“உன் பொண்டாட்டி போன் பண்ணினப்பெல்லாம் நான் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினேன்?” என்று கேட்டார்.

பதிலுக்கு நிற்கவில்லை. கூட்டத்தில் போய்விட்டார்.

ஊருக்குப் போனதும் மனைவி கேட்ட முதல் கேள்வி, “ஆறு எப்படி இருந்துச்சு? ஒங்க மிஸ்ரி அண்ணன் நல்லா கவனிச்சாரா?” என்பதுதான். நல்லா கவனிச்சார் என்றேன்.

லீவு முடிந்து சோஹாருக்குத் திரும்பினால் அவர் கட்டில் காலி. சவூதியில், தம்மாமில் ஏதோ கம்பெனிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். போன் நம்பரை மாற்றிவிட்டார். “என்னண்ணே, விருந்துக்குப் போயி ஆளையே தொலைச்சுட்டு வந்துட்டீங்க?” என்றார் பட்டுக்கோட்டைக்காரர். விளையாட்டாகத்தான் கேட்டார்.

அவர் என்னைத் தன் வேலையாளாகக் காட்டியது தப்புதான். அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அவர் என் பொய்யை எட்டு வருடம் பொத்திப் பாதுகாத்தார். இரண்டு பேருமே சொன்னது ஒரே பொய், காரணமும் ஒன்றுதான், பெண் பிள்ளைகள். அவருடையதை என்னால் எட்டு நாள்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

இப்போது எனக்குப் புது டிரைவர். மனைவி வீடியோவில் கூப்பிட்டால் நானே நகர்ந்து, லாரி தெரியாத சுவர்ப் பக்கமாக நின்றுகொள்கிறேன். “மிஸ்ரி அண்ணன் எங்க, தண்ணின்னு சொல்லவே காணுமே?” என்று இன்னமும் கேட்கிறாள். லீவில் இருக்கிறார் என்கிறேன். மூன்று வருட லீவு.

அவள் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவள். பெயர் போடாவிட்டாலும் தண்ணி அக்கா என்பதைப் படித்ததும் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். அவருக்கு நான் செய்ததற்கு ஈடாக என் பொய்யையும் வெளியே வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எழுதி முடித்தது: ஆடிப் பதினெட்டு, மதிய இடைவேளையில், லாரி நிழலில்.