விஜயாவின் நோட்டில் முப்பத்தேழாம் பக்கம்

என் கல்லூரித் தோழி விஜயா போன வருடம் இறந்துபோனாள். அவளுடைய கடிதங்கள், மார்க் ஷீட்டுகள், சினிமா டிக்கெட்டும் தீப்பெட்டிப் படமும் ஒட்டி, கல்லூரியின் கடைசி நாளில் எல்லோரிடமும் எழுதி வாங்கிய நோட்டு என அனைத்தையும் அவள் தம்பி தங்கள் ஊர்ப்பக்கமான கோவில்பட்டி அருகே ஒரு சிறு ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார். கிராமங்களில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பெண்களின் தாள்களை அங்கே சேர்க்கிறார்கள். அவர்கள் படம் எடுத்து இணையத்தில் போட்டிருந்த அந்த நோட்டைப் பார்த்தேன். தாளுக்கு ஒரு எண்ணாகப் போட்டிருந்தாள். முப்பத்தாறாம் பக்கத்துக்குப் பிறகு முப்பத்தெட்டு வந்தது. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது ஒரு பிள்ளையைத் தாண்டிவிட்டால் உடனே உறுத்துமே, அப்படி உறுத்தியது.

அதில் எழுதாதவள் நான் ஒருத்திதான். இருவரும் சேர்ந்து ஆசிரியர் பயிற்சிக்குப் போவதாகப் பேசியிருந்தோம். அவள் என்னிடம் சொல்லாமலே தூத்துக்குடியில் ஒரு வேலைக்கு ஒப்புக்கொண்டாள். அந்தக் கோபத்தில், "அப்புறம் எழுதுறேன்" என்று நோட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தேன். பிறகு நாங்கள் சந்திக்கவே இல்லை. எனக்கென்று ஒரு பக்கம் விட்டிருந்தாளா, கிழித்துப் போட்டாளா? தெரிந்துகொள்ளத்தான் கார்த்திகையில் ஒரு புதன்கிழமை கிளம்பினேன்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஆறே முக்காலுக்கு பஸ். நூறு கிலோமீட்டர், நூற்றுப்பத்து ரூபாய். சாத்தூர் தாண்டியதும் மண் கறுத்துவிடும். இந்த மாதத்தில் உளுந்தும் மக்காச்சோளமும் பச்சையாக நிற்கின்றன. இடது பக்க ஜன்னலில் வெயில் அடிக்கும். ஒன்பது மணிக்குக் கோவில்பட்டி. அங்கிருந்து எட்டயபுரம் சாலையில் எட்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

பாதை பிரியும் விலக்கில் இறங்கினால் காப்பகத்துக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. முந்தின நாள் மழை பெய்திருந்தது. நடந்து போகலாமா என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"நடங்கம்மா, யாரு வேண்டாம்னா? கால் ஒண்ணுக்கு ரெண்டு கிலோ மண்ணு ஒட்டும். அதையுஞ் செமந்துக்கிட்டுப் போயிச் சேருங்க."

அறுபது ரூபாய் கொடுத்து ஏறிக்கொண்டேன்.

பருத்தி மூட்டைகள் அடுக்கிவைத்த பழைய கிட்டங்கிதான் காப்பகம். பொறுப்பாளர் செல்வி, முப்பது வயதிருக்கும். போனில் அவரிடம் டீச்சர் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன், பெயர் சொல்லவில்லை. "பேனாவப் பைக்குள்ள வையுங்க டீச்சர். இங்கன பென்சில் மட்டுந்தான்" என்றார். முப்பத்தேழைக் கேட்டேன்.

"அதா? வெறும் பக்கம் டீச்சர். ஒண்ணும் எழுதலன்னு படம் எடுக்காம விட்டுட்டோம்."

"கிழிக்கலையே?"

"அவிய எதுக்குக் கிழிக்காவ? இந்தா, பாருங்க."

அது கோடில்லாத நோட்டு. முப்பத்தேழாம் பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழ்வரை மெல்லிய பென்சில் கோடுகள். ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தால்தான் தெரிந்தன.

கோடில்லாத இடத்தில் எனக்கு நேராக எழுத வராது. கரும்பலகையிலும் என் வரி மேலே ஏறிக்கொண்டே போகும், பிள்ளைகள் சிரிப்பார்கள். விடுதியில் என் தாள்களுக்கெல்லாம் கோடு போட்டுத் தந்தவள் விஜயா. "ஏட்டி மீனா, ஒன் எழுத்து எந்த மாடிக்கு ஏறிப் போவுது?" என்பாள். நோட்டை என்னிடம் நீட்டியபோதே அந்தக் கோடுகள் இருந்தனவா, நான் மறுத்த பிறகு போட்டாளா? அதைச் சொல்ல இப்போது யாரும் இல்லை.

"இதுல நான் எழுதலாமாம்மா?"

"ஐயோ, அதுல கை வைக்கப்படாது டீச்சர். வெவரம் தெரிஞ்சா இந்தச் சீட்டுல எழுதுங்க, கூடவே வச்சிருதோம்."

சீட்டில் கோடு இல்லை. 'இது மீனாவுக்காக விட்ட பக்கம். அவள் எழுதவில்லை' என்று எழுதினேன். இரண்டே வரி, இரண்டும் ஏறித்தான் போயின.

செல்வி வாங்கிப் படித்தார். "மீனா யாரு டீச்சர்? இப்ப எங்கன இருக்காவ?"

"மதுரையில" என்றேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்: காப்பகம் பத்து முதல் நான்கு வரை, ஞாயிறு விடுமுறை. இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், பக்கத்தில் கடை இல்லை. வெறும் பக்கங்களையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வழி சிரமம் இல்லை. மதுரையிலிருந்து விஜயாவின் ஊர்ப்பக்கம் போய்ச் சேர எனக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை.