ஓர் அங்குலம் கூடுதல்

தையல்காரர் தாராளத்துக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஊர் வைத்ததுதான் நிலைத்தது. பள்ளிச் சீருடை தைப்பவர். "வளர்ற பிள்ளை" என்று சொல்லி எந்தத் துணியையும் ஓர் அங்குலம் கூட விட்டே வெட்டுவார். காலையில் பள்ளிக்குள் பிள்ளைகள் போகிறார்களா, சட்டைகள் தாமாகவே போகின்றனவா என்று வாசல் காவலாளிக்குச் சந்தேகம் உண்டு. வீட்டிலும் இதே கொள்கைதான். அவர் மனைவி கல்யாணமான நாள் முதல் செருப்புப் போட்டு நடந்ததில்லை. செருப்பை இழுத்துக்கொண்டுதான் போனாள்.

இப்பேர்ப்பட்ட மகானிடம் ஒன்பதாம் வகுப்பு மகள் கூடைப்பந்து கேட்டாள். பள்ளி அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். குள்ளமான பெண்தான், ஆனால் குறி தப்பாது. "வீட்லயும் தினம் பழகு, உனக்கு ஒரு இடம் பார்க்கலாம்" என்று பயிற்சியாளர் அம்மா சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவும் மகளும் கடைக்குப் போனார்கள்.

"எங்க ஆடப் போறாங்க? சிமெண்ட் தரையா, மரத்தரையா?" என்றார் கடைக்காரர்.

"சிமெண்ட்."

"அப்ப ரப்பர் எடுங்க. தோல் சீக்கிரம் உரிஞ்சிடும்."

தாராளம் ரப்பரை முகர்ந்தார். மேலிருந்த புள்ளிகளை நகத்தால் கீறினார். தலை உயரத்திலிருந்து விட்டுப் பார்த்தார். பந்து கோணாமல் இடுப்புவரை எழும்பியது. எவனும் குறை சொல்ல முடியாத பரீட்சை. அளவு மட்டும்தான் பாக்கி.

"பொண்ணுங்களுக்கு ஆறாம் நம்பர்ணா. ஏழு ஆம்பளைங்க ஆடறது."

"விலை?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி இரண்டையும் சுற்றி அளந்தார். ஏழாம் நம்பர் ஓர் அங்குலம் கூடுதல். முகத்தில் ஞானம் உதித்தது.

"அப்பா, ஸ்கூல்ல எங்களுக்கு ஆறுதான்."

"கை வளராதா கண்ணு? ஒரே விலைக்குச் சின்னதை வாங்குவானா எவனாவது?"

"வாங்கறது நீங்க, ஆடறது பாப்பா" என்று கடைக்காரர் பில்லைப் போட்டார்.

வீட்டில் மனைவி பந்தைப் பார்த்தாள். "விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணாமா? அவ தலையை விடப் பெருசா இருக்கே!"

"தலையால ஆடற விளையாட்டு இல்லடி இது."

கொல்லைச் சுவரில் இரும்பு வளையம் மாட்டினார்கள். முதலில் பந்து வளையத்தைத் தொடவே இல்லை. பிறகு மகள் முழங்காலை மடக்கி, இடுப்பிலிருந்து உடம்பு மொத்தத்தையும் சேர்த்து உந்தக் கற்றுக்கொண்டாள். அணித் தேர்வு நெருங்கியபோது பத்துக்கு எட்டு விழுந்தது.

"கனத்துல பழகினா லேசு தானா வரும்" என்றார் தாராளம். மகளும் நம்பினாள். நம்பியதுதான் பாவம்.

தேர்வு நாளில் கையில் கொடுத்த ஆறாம் நம்பர் அவளுக்குக் காலிக் குடம் போலிருந்தது. பழகிய உந்தலில் முதல் பந்து வளையத்துக்குப் பின்னாலிருந்த பலகையைத் தாண்டிப் பறந்தது. அடுத்ததும் அப்படியே.

"கூடையில போடச் சொன்னேன்மா, பக்கத்துத் தெருவுல இல்ல" என்றார் பயிற்சியாளர். பெண்கள் சிரித்தார்கள். பயந்துபோய் மெல்ல எறிந்தாள்; பந்து பாதியிலேயே விழுந்தது. விசில் ஊதியாகிவிட்டது. சொந்தமாகப் பந்தே இல்லாத ஒருத்திக்கு அந்த இடம் போயிற்று.

விஷயம் கேட்ட தாராளத்துக்கு உண்மையாகவே மனசு வலித்தது. "பெரிய பந்தே விழுந்துது, சின்னதைப் போட வரலியா உனக்கு?"

அடுத்த வாரம் பயிற்சியாளரே தையல் கடைக்கு வந்து அணிச் சட்டைகளுக்கு ஆர்டர் கொடுத்தார். "பார்த்தியா, டீமுக்கும் நமக்கும் உறவு விட்டுப்போகல!" என்று தாராளம் பூரித்தார். பெண் பிள்ளைகளுக்கு ஆண் அளவெடுக்கலாமா? டேப் மகள் கைக்கு வந்தது. அவள் இடத்தைப் பிடித்தவள் முதலில் வந்து நின்றாள்.

"சீக்கிரம்டி, பிராக்டிஸுக்கு நேரமாச்சு."

மகள் தோளில் டேப்பை வைத்து அளவைச் சொன்னாள்.

"சத்தமா சொல்லு கண்ணு, மிஷின் சத்தத்துல கேக்கல!"

சத்தமாகச் சொன்னாள்.