கொலுவில் பாடிய கௌபாய் பாட்டு

டெக்ஸாஸில், ரிச்சர்ட்சனில் எங்கள் வீட்டு நவராத்திரிக் கொலுவுக்கு வருகிற பெண் குழந்தைகள் எல்லோரும் பாடியாக வேண்டும். பாடாவிட்டால் சுண்டல் கிடையாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் பாடி முடிக்கும்வரை கிண்ணம் கைக்கு வராது. அதிலும் நான் பாட்டு டீச்சரின் பெண். சனிக்கிழமைதோறும் தமிழ்க் குழந்தைகள் எங்கள் ஹால் கம்பளத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் சரளி வரிசை கற்றுக்கொள்வார்கள். ஆகவே அன்று அம்மாவின் மானம் என் தொண்டையில் இருந்தது.

எனக்கு ஆறு வயது. அம்மன் பாட்டு ஒன்றை நாள் கணக்கில் உருப்போட்டிருந்தேன். பட்டுப்பாவாடையை விரித்து உட்கார்ந்து வாயைத் திறந்தால், வேறொன்று வந்தது. மனைவி விட்டுப்போன துக்கத்தில் ஒரு கௌபாய் பாரில் உட்கார்ந்து விஸ்கி குடிக்கிற பாட்டு. டெக்ஸாஸ்காரர்கள் போலவே மூக்கால் இழுத்து, கடைசிச் சொட்டுவரை பாடினேன். தொடையில் தாளம் வேறு.

பக்கத்து அபார்ட்மென்ட் ஆன்ட்டிதான் முதலில் கேட்டார்: "யாருடா கண்ணா உனக்கு இதைச் சொல்லிக்குடுத்தா?"

வேறு யார், அம்மாதான். அப்பா ஆபீசுக்குக் கிளம்பியதும் சமையலறை ரேடியோவில் இந்த மாதிரி கௌபாய் பாட்டாகவே போடும் கன்ட்ரி ஸ்டேஷனை வைத்துவிடுவாள். அமெரிக்கா வந்த புதிதில் டிவியில் பேசுவது ஒன்றும் புரியாதாம். இந்தப் பாட்டுக்காரர்கள்தான் அவளுக்கு வார்த்தை வார்த்தையாக, நிதானமாகக் கதை சொன்னார்களாம். அப்பாவுக்கோ அந்த கிடார் இழுப்பைக் கேட்டாலே தலைவலி.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. பாட்டு டீச்சர் வீட்டில் பார் பாட்டு ஓடுகிறது என்று தெரிந்தால், சனிக்கிழமைக் கம்பளம் காலியாகிவிடும் என்று பயம்.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "நான்தாங்க. கார்ல எப்பவும் அந்த ஸ்டேஷன்தான் போடுவேன். இவ கேட்டு கேட்டு பிடிச்சுக்கிட்டா."

"நோ! அப்பா ஹேட்ஸ்..." என்று ஆரம்பித்த என் வாயில் அம்மா ஒரு பிடி சுண்டலைத் திணித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனபோது, அந்த ஆன்ட்டி அம்மாவிடம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் டேஸ்ட் பரவாயில்லையே. ஆனா எனக்கு அந்தப் பழைய ஆளுங்கதாங்க. அந்தக் குரல் இப்போ யாருக்கு வருது?"

"ஏன், புதுசா ஒரு பொண்ணு பாடுறாளே, அவளுக்கு என்ன குறைச்சல்?" என்று வேகமாகச் சொன்ன அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நான் வந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு, ரேடியோவிலிருந்து பதிவு செய்த கேசட்டுகள் சாம்பார் டப்பாக்களோடு இரண்டு வீட்டுக்கும் போய்வந்தன. ஆன்ட்டி பழைய கட்சி, அம்மா புதுக் கட்சி. சனிக்கிழமைக் கம்பளம் நிரம்பியே இருந்தது.

அப்பாவுக்குத்தான் கௌபாய் என்று பெயர் விழுந்தது. பிறந்தநாளுக்கு நண்பர்கள் ஒரு பெரிய தொப்பி வாங்கிக் கொடுத்துக் கிண்டல் செய்தார்கள். அதை அவர் எல்லா பாட்லக் விருந்துக்கும் போட்டுக்கொண்டு வந்தார்.

"அப்பா, யூ டோன்ட் ஈவன் லைக் இட்" என்று திரும்பிவரும்போது காரில் சொல்வேன். அவர் கண்ணாடியில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அம்மாவைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு?" என்பார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பாள். பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிவிட்டு, இவர் மட்டும் இத்தனை பேர் முன்னால் பொய்யைத் தலையில் வைத்துக்கொண்டு திரிகிறாரே என்று பின் சீட்டில் எனக்கு ஆத்திரமாக வரும்.