பறவை என்று சொல்லிக்கொண்டேன்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். திரும்பும் நாளில் எங்கள் மலைமேல் சோளக்காடு நிறுத்தத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது அந்த வாடை வந்தது. புது பிளாஸ்டிக் வாடை. மழை லேசாகப் பிடித்திருந்தது. முதுகில் பெரிய பைகளோடு இரண்டு பெண்கள் பழக்கடையோரம் ஒதுங்கி, அப்போதுதான் வாங்கிய நீல மழைக்கோட்டுகளைப் பிரித்து உதறிக்கொண்டிருந்தார்கள். அருவிக்கு நடந்து போக வழி கேட்டார்கள்.

"ஏனுங்க கண்ணு, மேல ஒரே மூட்டமா கெடக்குது. இன்னைக்கு வேண்டாஞ்சாமி" என்றார் கடைக்கார அம்மா.

"பரவால்லக்கா, நாங்க நெறைய மலை ஏறியிருக்கோம்" என்று ஒருத்தி சிரித்தாள்.

"போகாதீங்க!" என்று ஒரு குரல் கத்தியது. கத்தியது நான்தான் என்பது, மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்தப் பெண்கள் பயந்துபோய் டீக்கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். என் பஸ்ஸும் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை அந்த டீக்கடை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதே வாடையுள்ள மழைக்கோட்டை எட்டு வருஷத்துக்கு முன்பு வியட்நாமின் வடக்கே ஒரு மலையூரில் வாங்கிப் போட்டிருந்தேன். நான் அங்கே இருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. பெங்களூரில் ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்க இரண்டு மாதம் இருந்தது. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அப்பாவிடம் டிரெயினிங் என்று சொல்லியிருந்தேன். நாமக்கல்லுக்குத் தனியாகப் போனாலே அடிவாரத்துக் காரவள்ளி இறங்கியதும் போன் பண்ணச் சொல்கிற மனிதரிடம் வேறு என்னதான் சொல்வது? தினமும் காலையில் பேசுவார்.

"ஏஞ்சாமி, சேவல் கூவுது? பெங்களூருல ஏது சேவல்?"

"பக்கத்து ஊட்டுல வளக்கறாங்கப்பா."

பொய்க்குத்தான் எத்தனை சேவல் வளர்க்க வேண்டியிருக்கிறது!

தங்கியது ஹாஸ்டலில். நம் ஊரில் ஹாஸ்டல் என்றால் வார்டன், மணி, உப்புமா. அங்கே ஒரே அறையில் ரயில் பெட்டி மாதிரி அடுக்குக் கட்டில்கள், பத்துப் பேர், ஆணும் பெண்ணுமாக. ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு திரை. அந்தத் திரைதான் கதவு, சுவர், மானம் எல்லாம். எனக்கு மேல் படுக்கை. பாஸ்போர்ட்டைத் துணிப்பையில் வைத்துச் சட்டைக்குள் ஊக்கு குத்தியிருந்தேன். யாராவது இருமினால் விழித்துக்கொள்வேன். திரை அசைந்தால் மூச்சை அடக்குவேன். மூன்று இரவு ஷூவோடு படுத்தேன், ஓட வேண்டி வந்தால் வசதியாக இருக்கட்டும் என்று. எங்கே ஓடுவேன் என்பதை மட்டும் யோசித்து வைக்கவில்லை.

நான்காம் நாள் கீழ்ப் படுக்கையிலிருந்து கட்டிலைத் தட்டினாள் சூமின். கொரியாக்காரி. என் தோள் உயரம்தான் இருப்பாள்.

"நீ ஷூ போட்டுக்கிட்டா தூங்கறே? மேலேர்ந்து மண் கொட்டுது" என்றாள்.

அவளுக்கும் ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். அதனால் எங்கள் பேச்சில் பாதி கைகளால்தான் நடந்தது. வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவள். பர்ஸைப் படுக்கைமேலேயே போட்டுவிட்டுக் குளிக்கப் போவாள். நான் கீழே இறங்கி அதற்குக் காவல் உட்கார்ந்திருப்பேன். எனது பருப்புப்பொடியைச் சோற்றில் போட்டுக் கொடுத்தேன். "மண் மாதிரி இருக்கு" என்றாள். பிறகு "இன்னும் கொஞ்சம் மண் கொடு" என்றாள். அப்படித்தான் சிநேகமானோம். அன்றிரவு ஷூவைக் கழற்றிவிட்டுத் தூங்கினேன்.

ஒருநாள் காலை, மலைக்குப் பின்னால் இருந்த ஒரு கிராமத்துக்கு நடந்து போகலாம் என்றாள் சூமின். கவுன்டரில் எங்களுக்கு மழைக்கோட்டு விற்ற விடுதிக்கார அக்கா ஜன்னலுக்கு வெளியே கை காட்டி, "இன்னைக்கு வேண்டாம். மேகம்" என்றாள். சூமின் என்னைப் பார்த்தாள். நான் சொன்னால் அவள் கேட்டிருப்பாள். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"எங்க ஊரே மேகத்துக்குள்ளதான் இருக்கு. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

எங்கள் மலையில் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் நான் நடந்திருக்கிறேன். மேகத்துக்குள் வழி தெரிந்தவர் அவர். எனக்குத் தெரிந்தது அவர் முதுகு.

இரண்டு மணி நேரம் ஏறியிருப்போம். மூட்டம் ஒரு பக்கமாக வரவில்லை. சுற்றிலும் ஒரே சமயத்தில் எழுந்தது. என் கையை நீட்டினால் விரல்கள் மங்கின. பாதை ஓரடி அகலம். இடது பக்கம் சரிவு. அதன் அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. படம் எடுக்க நின்ற சூமின், "நீ போ, வாரேன்" என்பதுபோல் கை காட்டினாள். நான் ஒரு பத்தடி போயிருப்பேன். திரும்பிப் பார்த்தால் வெள்ளை.

"சூமின்!"

பதில் இல்லை. வந்த வழியே திரும்பினேன். அது வந்த வழிதானா என்பதே தெரியவில்லை. ஒவ்வொரு அடியையும் தரை இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து வைத்தேன். உட்கார்ந்துகொண்டு, கைகளால் தடவித் தடவி நகர்ந்தேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. நான் இங்கே விழுந்தால் அப்பா எந்த ஊரில் தேடுவார்? பெங்களூரில் போய், என் அறைக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. எனக்குக் கீழே, சரிவுப் பக்கமிருந்து. மெலிதாக, 'ஊ' என்று. இரண்டு முறை.

பறவை என்று சொல்லிக்கொண்டேன்.

அது பறவை இல்லை என்று எனக்குத் தெரியும். அதை இத்தனை வருஷமாக வளைத்து வளைத்துப் பார்த்துவிட்டேன். தெரியும் என்பதில்தான் வந்து நிற்கிறது. அந்த விளிம்புக்குப் போக என்னால் முடியவில்லை. ஆளைக் கூட்டி வருவதுதான் புத்தி என்று எனக்கே சொல்லிக்கொண்டு, அந்தச் சத்தத்துக்கு முதுகைக் காட்டி இறங்கினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூட்டம் கொஞ்சம் கலைந்த ஓரிடத்தில், கருநீல உடுப்பில் ஒரு பெண் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். என்ன மொழியில் பேசினேனோ, தமிழில்தான் அழுதிருப்பேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு விரலைக் காட்டினேன். ஒன்றை மடக்கினேன். மேலே காட்டினேன்.

கூடையை அப்படியே போட்டுவிட்டு, கூடைக்கயிற்றை மட்டும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். ஏறும்போது நின்று நின்று குரல் கொடுத்தாள். பேரைச் சொல்லி அல்ல, அடிவயிற்றிலிருந்து ஒரே நீளமாக. எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. எங்கள் மலையில் காட்டுப்பன்றி விரட்டக் காவல் இருப்பவர்கள் மேட்டுக்கு மேடு கொடுக்கிற குரல் அது. எனக்கும் அது வரும். ஒருமுறைகூட அந்தக் குரலை நான் எழுப்பவில்லை.

சரிவிலிருந்து பதில் வந்தது. மெலிதாக, 'ஊ'.

பாதைக்குக் கீழே இரண்டு ஆள் ஆழத்தில் ஒரு மூங்கில் புதரில் கால் சிக்கி, அதைக் கட்டிக்கொண்டு கிடந்தாள் சூமின். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மழைக்கோட்டு கிழிந்து தொங்கியது. அந்தப் பெண் கயிற்றை மரத்தில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். நான் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடிக்க வேண்டிய தேவையே இல்லை, முடிச்சு அவ்வளவு உறுதி. எனக்கு ஏதாவது வேலை கொடுக்கவேண்டும் என்று அவள் நினைத்திருக்கலாம்.

கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. இருவருமாகத் தாங்கி இறக்கினோம். பாதி வழியில் சூமின் என் காதருகே கேட்டாள்.

"நான் கூப்பிட்டேன். உனக்குக் கேட்கலையா?"

"இல்லை" என்றேன்.

"மேகம் சத்தத்தைத் தின்னுடும்போல" என்றாள், எனக்கு ஆறுதலாக.

மூன்றாம் நாள் அவள் ஊருக்குப் பறந்தாள். கட்டுப் போட்ட காலோடு என்னைக் கட்டிப்பிடித்து, ஆளைக் கூட்டி வந்து காப்பாற்றினாய் என்று நன்றி சொன்னாள். அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

நானும் நேராக ஊருக்கு வந்து அப்பாவிடம் அந்தச் சத்தம் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதற்கு அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் மிளகு பறித்துக்கொண்டிருந்தபோது, ஏணிக்குக் கீழே நின்று, அந்தப் பறவையைப் பற்றியும் சொன்னேன். அவர் கை நின்றது.

"பயத்துல காது அடைச்சுக்கும் கண்ணு. அது கேக்காத கணக்குதான்."

"கேட்டுச்சுப்பா."

கையிலிருந்த மிளகுக் கொத்தை மடியில் போட்டுக்கொண்டார். "ஏணியப் புடி" என்றார்.

அதன் பிறகும் ஊர் ஊராகப் போயிருக்கிறேன். ஆனால் திரை போட்ட படுக்கையில் தங்கியதில்லை; கதவு பூட்டுகிற அறைதான். அந்த விடுதியும் இப்போது இல்லை. போனில் தேடினால், அது இருந்த இடத்தில் கண்ணாடி வைத்த எட்டு மாடி ஓட்டல் நிற்கிறது. அந்தப் புல்லறுத்த பெண்ணின் சரிவைச் செயற்கைக்கோள் படத்தில் எவ்வளவு பெரிதாக்கினாலும் பச்சையாக மட்டும்தான் தெரிகிறது.

சோளக்காட்டிலிருந்து திரும்பிய அன்று சூமினுக்கு ஒரு வரி எழுதினேன். 'அன்று நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது.' பிரியும்போது அவள் கொடுத்த மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். அப்படி ஒரு கணக்கே இல்லை என்று வந்தது. வேறு எப்படியாவது தேடலாம் என்று உட்கார்ந்தேன். என்னவென்று தேடுவது? சூமின் என்ற பெயரில் அங்கே எத்தனை ஆயிரம் பெண்களோ. ஒரே கட்டிலில் மேலும் கீழுமாகப் பதினோரு நாள் இருந்தோம். அவளுடைய முழுப்பெயரை நான் கேட்கவே இல்லை.