நான்கு சனிக்கிழமைகளும் ஒரு டிவி கார்டும்

என்னை மூன்று பேர் பதினான்கு வருஷம் ஏமாற்றினார்கள். அப்பா, அம்மா, ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்த நண்பன். மூவருமே வெளியில் ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லத் தெரியாதவர்கள். அந்தத் திறமை முழுவதையும் எனக்கென்றே சேர்த்து வைத்திருந்திருக்கிறார்கள். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சூடாகிறது.

எங்கள் வீடு வலங்கைமானில். அங்கேயே மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். மாலை ஆறு மணி ஆகிவிட்டால் வீட்டு டிவி அம்மாவின் சீரியல்களுக்குச் சொந்தம். கிரிக்கெட் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றுகொண்டு பார்க்க வேண்டும். கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த நண்பனிடம் போய்ப் புலம்பினேன். "டிவி டியூனர் கார்டு ஒண்ணு போட்டுடலாம்டா. கேபிள் ஒயரை நேரா சிபியுவுல சொருகிடலாம். பாக்கவும் பாக்கலாம், ரெக்கார்டும் பண்ணலாம்" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டான். படம் வந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு மணி நேரம் டிரைவரை நீக்குவதும் ஏற்றுவதுமாக இருந்துவிட்டுக் கடைசியில் பார்த்தால், கார்டிலிருந்து சவுண்டுக்குப் போக வேண்டிய சின்ன ஒயர் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது. சேனல்கள் பாதி கறுப்பு வெள்ளையில் வந்தன. சாஃப்ட்வேரில் நாடு என்ற இடத்தில் வேறு எதுவோ இருந்தது, அதை இந்தியா என்று மாற்றியதும் கலர் வந்தது. கூட வந்த ரிமோட் மட்டும் கடைசிவரை வேலை செய்யவில்லை. சிடியில் இருந்த சாஃப்ட்வேருக்கு அந்த ரிமோட்டைத் தெரியவே தெரியாது என்று சொல்லி, அதை மானிட்டர் பக்கத்தில் சும்மா வைத்துவிட்டுப் போனான்.

அப்பா வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது உள்ளூர் கேபிள் சேனலில் சனிக்கிழமை மாலை அரை மணி நேரம் விவசாயிகளின் போன் கேள்விகளுக்கு நேரலையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கார்டில் நேரம் குறித்து வைத்தால் தானாகப் பதிவாகிறதா என்று பார்க்க எனக்கு ஒரு நிகழ்ச்சி தேவைப்பட்டது. அப்பாவைக் குறித்து வைத்தேன். பாசத்தில் செய்தேன் என்று பிற்பாடு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். நிஜம் இதுதான். வரப்போகும் ஒரு மேட்சுக்காகத்தான் அப்பாவை வைத்து ஒத்திகை பார்த்தேன். அப்படி நான்கு சனிக்கிழமைகள் பதிவாகின.

ஐந்தாவது சனிக்கிழமை அப்பா போகவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது என்றார். இரண்டு மாதத்தில் தஞ்சாவூரில் ஆபரேஷன். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் மூச்சு விட ஒரு துளை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. அதற்குப் பிறகு அப்பா பேச வேண்டியதையெல்லாம் நாற்பது பக்க நோட்டில் எழுதிக் காட்டினார்.

அவர் குரல் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். இரண்டாவது சனிக்கிழமையில் ஒருவர் கேட்பார்: "சார், பயிர் வட்டம் வட்டமா காயுது சார். ரெண்டு தடவை மருந்து அடிச்சுட்டேன்." அப்பா, "தண்ணியை வடிச்சீங்களா?" என்பார். "இல்லீங்க." "புகையான் பூச்சி தூர்ல உக்காந்து குடும்பம் நடத்துதுங்க. நீங்க நுனியில மருந்தடிச்சா, ஏதோ தூறல் போடுதுன்னு அது பாட்டுக்குத் தூங்கும். முதல்ல தண்ணியை வடிங்க, அப்புறம் என்னைக் கூப்பிடுங்க." பின்னால் கேமராக்காரர் சிரிப்பது கேட்கும். கேள்வி கேட்டவரும் சிரித்துவிடுவார்.

வீட்டுக்கு அப்பாவைப் பார்க்க யார் வந்தாலும் நான் அதைப் போட்டுக் காட்டினேன். ஹாலில்தான் கம்ப்யூட்டர். அதன் எதிரிலேயே அப்பாவின் நாற்காலி. வந்தவர்கள் ஸ்கிரீனில் பேசும் அப்பாவையும் நாற்காலியில் இருக்கும் அப்பாவையும் மாறி மாறிப் பார்ப்பார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை. ஒருமுறை அப்பா "போதும்" என்று எழுதிக் காட்டினார். தன்னடக்கம் என்று நினைத்துச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

அதில் ஒரு குறை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பதிவைப் போட்டால் அப்பாவின் வாய் முதலில் அசையும், குரல் சற்றுப் பின்னால் வரும். நண்பனைப் பிடுங்கி எடுத்தேன். புது வெர்ஷன் வந்திருக்கிறது, அதில் சரியாகிவிடும் என்று பென் டிரைவில் கொண்டுவந்தான். பழையதை நீக்கினான், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான், புதியதை ஏற்றினான். வாயும் குரலும் சேர்ந்துகொண்டன. போதாததற்கு, அதுவரை செத்துக் கிடந்த ரிமோட்டும் உயிர் பெற்றது. பதிவுகள் ஒவ்வொன்றும் சின்னப் படமாக வரிசையில் நின்றன. ரிமோட்டாலேயே போடலாம், நிறுத்தலாம், வேண்டாததை நீக்கலாம்.

நண்பன் ரிமோட்டை அப்பா கையில் கொடுத்தான். "இந்தாங்கப்பா, இனிமே நீங்களே பாத்துக்கலாம். கீபோர்டு பக்கமே போக வேணாம்." அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பட்டனாக என்னவென்று அவனிடம் சைகையில் கேட்டுத் தெரிந்துகொண்டார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சுறுசுறுப்பைப் பார்த்தேன். எனக்கு வயிறு நிறைந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது வேதாரண்யத்திலிருந்து பெரியப்பா வந்திருந்தார். காபி ஆறுவதற்குள் கம்ப்யூட்டரைப் போட்டேன். வரிசையில் மேட்சுகள் இருந்தன. நான்கு சனிக்கிழமைகளும் இல்லை.

எங்கெங்கோ தேடினேன். நண்பனுக்குப் போன் செய்தேன். திருவாரூரில் ஒரு வேலையாக இருந்தான். "டேய், சிஸ்டத்தைத் தொடாத. ஆஃப் பண்ணி வை. எதையும் புதுசா ரெக்கார்ட் பண்ணிடாத. நாளைக்கு மத்தியானம் வந்துடறேன்" என்றான். குரலில் ஒரு பதற்றம். தப்பு செய்தவனின் பதற்றம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நான் தொடாமல் இருந்தால், இவன் வந்து தடயத்தைத் துடைத்துவிட்டுப் போகலாமே!

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பழைய சாஃப்ட்வேரைப் போட்டால் பழைய பதிவுகளும் திரும்பி வரும் என்று ஒரு எண்ணம். பழைய சிடி ஏறவில்லை, புதியது இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி நின்றது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஃபார்மட்தான். மெதுவானால் ஃபார்மட், வைரஸ் வந்தால் ஃபார்மட். செய்தேன். விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன், பழைய சாஃப்ட்வேரை ஏற்றினேன், பதிவு வேலை செய்கிறதா என்று பார்க்க ஏதோ ஒரு சேனலை ஓடவிட்டேன். நடுவில் அப்பா நோட்டோடு வந்து என் தோளைத் தொட்டார். "அப்புறம்பா" என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

நான்கு சனிக்கிழமைகளும் வரவில்லை. மத்தியானம் பஸ் ஏறிக் கும்பகோணம் போனேன். திருவாரூரிலிருந்து வந்து அப்போதுதான் கடையைத் திறந்திருந்தான். உள்ளே வாடிக்கையாளர்கள் இருவர். அவர்கள் முன்னால் கத்தினேன். "அப்பாவுக்குத் தொண்டையில மிச்சம் இருந்ததையும் நீ எடுத்துட்ட. அரைகுறையா ஒரு வேலையைக் கத்துக்கிட்டுக் கடை வேற. இனிமே எங்க வீட்டு வாசப்படி மிதிக்காத." அவன் பதிலுக்குக் கத்தவில்லை. நான் பேசியதில் ஒன்றே ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டான். "ஃபார்மட் பண்ணிட்டியா?" என்றான். ஆமாம் என்றதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். தப்பித்துக்கொண்ட நிம்மதி என்று அதையும் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவன் செய்த துரோகத்தை அப்பாவிடம் உரக்கச் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அப்பா "விடு" என்று எழுதினார். மறுநாள் செக்கப் என்று தனியாகப் பஸ்ஸில் போய் வந்தார்.

அதன்பின் ஆறு வருஷம் அப்பா இருந்தார். நண்பனைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை. என் பிள்ளைக்குத் தாராசுரத்து மண்டபத்தில் காதுகுத்து வைத்தேன். அவன் கடையிலிருந்து கூப்பிடு தூரம், அவனைக் கூப்பிடவில்லை. அப்பா இறந்தபோது அவன் மாலையோடு வந்தான், காலடியில் வைத்துவிட்டுக் கும்பிட்டான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போன மாதம் பயிர்க் காப்பீட்டுக்காக நிலத்தின் பழைய சிட்டாவைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கொட்டினேன். அடியில் அப்பாவின் நோட்டுகள். அவற்றில் உரையாடல்கள் பாதிதான் இருக்கும், எதிராளி வாயால் பேசியது எதிலும் இருக்காது. ஒரு பக்கத்தில் "வேதாரண்யத்து அண்ணன் இன்று சாயந்திரம் வருகிறார். அதற்குள் செய்துவிட வேண்டும் என்று தோன்றியது" என்று இருந்தது. அதன் கீழே:

"ரிமோட்டில்தான். சிவப்புப் பட்டன்."

"ஆமாம், நாலும்."

"உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன். என் கண்ணெதிரிலேயே என் குரலுக்குத் திவசம் கொடுக்கிறான்."

"நீ சொல்லாதே. நானே சொல்கிறேன்."

அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு வரி: "ஒரு நிமிஷம் நிறுத்து. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்." என் தோளைத் தொட்டபோது அவர் கையில் இருந்த பக்கம் அதுதான்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் போனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எழுதியிருக்காரே, அப்புறம் என்னை என்ன கேக்கற?" என்றாள்.

"ஒரு ஆளைத் திருடன் மாதிரி நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். உனக்குத் தெரிஞ்சும் வாயைத் திறக்கலயேம்மா."

"தானே சொல்றேன்னாரு. அடுத்து கும்பகோணம் போய் உன் கூட்டாளியைப் பாத்துட்டு வந்தாரு. இனிமே இந்தப் பேச்சே வேணாம்னுட்டாரு. ஏன்னு எனக்குத் தெரியாது. அவரைப் படம் காட்டுனியே, பிடிக்குதாப்பான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

செக்கப் என்று போனது அங்கேதானா! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பாவின் குரலை நான் பொத்திப் பொத்தி வைத்திருக்க, அவரே அழித்துவிட்டு, மூன்று பேருமாகக் கூடி வைத்துக்கொண்டு என்னை மடையனாக்கியிருக்கிறார்கள். அன்றைக்கே பஸ் ஏறினேன், மறுபடியும் கத்துவதற்காகத்தான்.

கடையில் இப்போது கம்ப்யூட்டர்கள் குறைந்து சிசிடிவி கேமராக்கள் தொங்குகின்றன. அவனுக்குத் தலை நரைத்திருந்தது. நோட்டை மேசைமேல் போட்டேன். "உனக்கும் தெரியுமா?"

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தான். "தெரியும்" என்றான்.

"அப்புறம் ஏன்டா திட்டு வாங்கிக்கிட்டு நின்ன?"

"நீ திட்டுறப்ப எனக்கும் தெரியாது. மறுநாள்தான் அப்பா வந்தாரு. 'நான்தான் அழித்தேன். உன் பேர் கெட்டுவிட்டது. திரும்ப எடுத்துக் கொடுத்துவிடு, அவன் போட்டுக் காட்டினால் காட்டட்டும்' அப்படின்னு என் பில் புக்குல எழுதினாரு. அழிச்சதை எடுக்கறதுக்கு சாஃப்ட்வேர் இருக்கு. அதுக்காகத்தான் தொடாதன்னு போன்ல அடிச்சுக்கிட்டேன்."

"எடுத்திருக்க வேண்டியதுதானே?"

அவன் என்னைப் பார்த்தான். எனக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது.

"நீ ஃபார்மட் பண்ணி, மேல விண்டோஸ் போட்டு, அதுக்கும் மேல ரெக்கார்டு வேற ஓடவிட்டுட்டியேடா. இனிமே வராதுப்பான்னு அவர்கிட்ட சொல்ல வேண்டியதாப் போச்சு. ரொம்ப நேரம் பேனாவைக் கையிலயே வெச்சிருந்தாரு. 'அவனே அழித்தது அவனுக்குத் தெரிய வேண்டாம்'னு எழுதினாரு. ஆனா அவர் அழிச்சதைச் சொன்னா, ஏன் திரும்ப எடுக்க முடியலன்னு நீ கேப்ப. கணக்கு வாத்தியாராச்சே. அதனால நான்தான் சொன்னேன், எம்பேர்லயே இருக்கட்டும்ப்பான்னு."

கத்துவதற்கு வந்தவன் நான். என் தப்பைக்கூட என் கையில் கொடுக்காமல் இவர்கள் பங்கு போட்டு வைத்துக்கொண்டார்களே என்று ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. "பதினாலு வருஷம்டா" என்றேன்.

அவன் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினான்.

"ரெண்டு மாசத்துல நீயா வந்துடுவேன்னு நெனச்சேன்" என்றான்.