ஊதின தண்ணி

மாலைத் தொழுகை முடிந்து மசூதிப் படி இறங்குகிறவர்கள் குனிந்து ஊதும்போது, என் கையிலிருந்த சொம்பின் மேல் அத்தரும் வெற்றிலையும் தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்பு வாடையும் கலந்த மூச்சு தவழும். ஆம்பூரில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடானாலும், தூக்கிக்கொண்டுபோய் அந்த வாசலில் நிற்பார்கள். வெளியே வருகிறவர்கள் ஓதி ஊதி அனுப்புவார்கள். என் தங்கை செல்விக்கு நாலு வயது. வேலூர் ஆஸ்பத்திரி மருந்து ஒருபக்கம் நடக்க, தூக்கிப்போக முடியாதபடி அவள் துவண்டதும், "ஊதின தண்ணி" வாங்கிவரும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

நான்காம் நாள் கோலி ஆட்டத்தில் நான் வரலாறு காணாத விதமாக ஜெயித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்தபோது மசூதி வாசலில் ஒரு ஜோடிச் செருப்புகூட இல்லை. தெருமுனை அடிபம்பில் சொம்பை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"எத்தினி பேர்டா ஊதினாங்க?" என்றாள் அம்மா.

"ஜாஸ்தி பேரும்மா."

செல்வி இரண்டு மடக்கு குடித்துவிட்டு, "இன்னிக்கு நாத்தமே இல்லண்ணா," என்றாள். மறுநாள் காலை அவள் இல்லை.

கல்லூரியில் தடித்தடியாகப் புத்தகங்கள் படித்து நாத்திகன் ஆனதாக மேடைகளில் சொல்லியிருக்கிறேன், கைத்தட்டலும் வாங்கியிருக்கிறேன். உண்மையில் அது பத்து வயதில், அவளைப் புதைத்துத் திரும்பிய வழியிலேயே முடிந்துபோன காரியம். கடவுள் இருந்தால் கொன்றவன் நான். ஆகவே அவர் இல்லாமலிருப்பது எனக்கு அவசியமாயிற்று. ஆனால் அவரை அனுப்பிவிட்டால் செல்வி எதற்காகவும் இல்லாமல், சும்மா செத்துப்போனவளாகிறாள். அந்த இடத்தில் எந்தப் புத்தகமும் எனக்கு உதவவில்லை.

அம்மாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. "எம் பொண்ணு கடைசியா குடிச்சது, அத்தினி பேர் அல்லாகிட்ட கேட்டுக் குடுத்த தண்ணி. நல்ல எடத்துக்குத்தான் போயிருப்பா," என்று துக்கம் கேட்க வந்தவர்களிடம் ஆரம்பித்து, நாற்பது வருஷம் சொன்னாள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள், ஷூ கம்பெனிக்குப் போனாள், எனக்குச் சோறு போட்டாள். ஊருக்கெல்லாம் பகுத்தறிவு போதித்த நான், அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் தலையாட்டினேன்.

எங்கள் தெருவில் அன்றைய வீடுகள் இப்போது இல்லை. தோல் ஷாப்பு இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. போன தை மாதம் அம்மாவும் போய்விட்டாள். இனி சொல்லலாம், யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதிவிட்டுப் பார்த்தால், இதைக் கேட்டு என்னைக் கன்னத்தில் அறைய உரிமையுள்ளவள் அவள் ஒருத்திதான்.