முகத்துக்கு ஏத்தின நிறம்

டிவி தொடர்களுக்கு நிறம் ஏத்துவதுதான் கலர்காரருக்குப் பிழைப்பு. கேமராவிலிருந்து வரும்போது படம் வெளிறித்தான் கிடக்கும். கொடுமைக்கார மாமியார் வீடா, பச்சையைக் கலந்து இருட்டாக்குவார். பார்க்கிறவனுக்கு அந்த வீட்டுப் படியேறவே தோணாது. பிறந்த வீடா, கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சிவப்பு. பட்டினி கிடக்கிறவன்கூட விருந்து முடித்து வந்தவன் மாதிரி தெரிவான்.

அவர் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் படுத்தாள். சிறுநீரகம் கைவிட்டு, முகம் சாம்பல் பூத்திருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு வீடியோ எடுத்து அனுப்பணும்.

"ஊருக்கெல்லாம் பூசுறீங்க, எனக்கும் கொஞ்சம் பூசி அனுப்புங்க. இந்த மூஞ்சியைப் பார்த்தா புது வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துருவா."

மகள் நேரடியாக வீடியோவில் கூப்பிட்டால், அம்மாக்காரி நர்ஸ் திட்டுறாங்க என்று சொல்லி வெறும் குரலிலேயே பேசிச் சமாளித்தாள்.

மனுஷன் பூசினார். கன்னத்தில் ரத்தம் ஏறியது. அம்மா தேறிட்டாள் என்று மகள் நிம்மதியானாள். சமயத்தில் பூசின அவருக்கே நம்பிக்கை வந்துவிடும். அதுதான் கொடுமை.

ஒரு சாயங்காலம் டாக்டர் தனியே கூப்பிட்டார். "இன்னைக்கோ நாளைக்கோங்க. வரவேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க."

வராந்தாவிலேயே உட்கார்ந்து, எதுவும் பூசாத வீடியோவை மகளுக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

"எங்கிட்டயேவா அப்பா? நேத்து செவசெவன்னு இருந்தவங்க இன்னைக்கு இப்படி ஆயிடுவாங்களா? உங்க சீரியல் மாமியார் வீட்டுக் கலரைப் போட்டு என்னை வரவழைக்கப் பார்க்குறீங்க." சிரித்தாள்.

"இதுதாம்மா நெசம். முன்னாடி அனுப்பினதுதான் பொய்."

"சரி, சரி. அடுத்த மாசம் லீவு கேக்குறேன்."

வாயால் சொன்னால் இனி ஏறாது. நேரடி வீடியோவில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே வார்டுக்கு ஓடினார். பெண்டாட்டி கண்மூடிக் கிடந்தாள். போனை முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பார்த்தீங்களா, அம்மா நல்லாத்தானே இருக்காங்க."

மேற்கு ஜன்னல் வழியே சாயங்கால வெயில் மொத்தமும் கட்டில்மேல் கொட்டிக் கிடந்தது. அவர் கையால் ஒருநாளும் வராத நிறம். பாழாய்ப்போன வெயில். எட்டி ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

சாம்பல் முகத்தைப் பார்த்த மகள், "அம்மா!" என்றாள்.

பெண்டாட்டி கண் திறந்தாள். "யாரு, அவளா? என்ன மனுஷன் நீங்க? மூடுங்க அதை." போர்வையை முகத்துக்கு இழுக்கப் பார்த்தாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். போனைத் தாழ்த்தவில்லை.

"கிளம்புறேன்ப்பா" என்றாள் மகள்.

அங்கிருந்து வந்து சேர ரெண்டு நாள் ஆகும்.